இலோய்லோ: நேரம் பார்த்துப் போகவேண்டிய ஊர்

முதல் நாள்: ஜீப்னியும் பழைய துறையும்

பிலிப்பைன்ஸ் என்றதும் நம்மவர்கள் மணிலா, செபு, போராக்காய் என்றுதான் டிக்கெட் போடுகிறார்கள். பனாய் தீவின் தென்கரையில் இருக்கும் இலோய்லோ நகரம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. மணிலாவிலிருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். வெளியூர்க்காரர்களுக்காக எடுத்து வைத்த காட்சி என்று இங்கே அதிகம் கிடையாது. ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த வேலை நடக்கும் நேரத்துக்கு நாம் போய் நிற்கவேண்டும். சந்தைக்குக் காலை ஆறு மணி, தறிக்கு முற்பகல், தேவாலயக் கல்லுக்கு மாலை வெயில், ஆற்றங்கரைக்கு அந்தி. நேரம் தவறிப் போனால் மூடிய கடையும் ஓய்ந்த தறியும்தான் மிச்சம்.

முதலில் ஊருக்குள் நுழையும் வழி. 2025 ஜூன் முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவுக்கு 14 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்த 14 நாளை நீட்டிக்க முடியாது. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடத்தின் முன்பதிவும் கையில் இருக்கவேண்டும். இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ‘ஈ டிராவல்’ என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்து, அது தரும் க்யூஆர் குறியீட்டை போனில் சேமித்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறும் இடத்திலேயே கேட்பார்கள். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி, கபாத்துவான் பக்கம் இருக்கிறது. 2007இல் திறந்தது. அதற்கு முன் விமானங்கள் நகரத்துக்குள்ளேயே மண்டுர்ரியாவோவில் இறங்கின. அந்த ஓடுபாதை இருந்த நிலத்தில்தான் இன்று அலுவலகக் கோபுரங்களும் ஓட்டல்களும் நிற்கின்றன. வெளியே வந்ததும் நகரத்துக்குப் போகும் பகிர்வு வேன்கள் நிற்கும். தனி டாக்சியைவிட மிகவும் மலிவு. வண்டி நிரம்பினால்தான் கிளம்பும்.

நகரத்துக்குள் எல்லாம் ஜீப்னிதான், ஜீப்பை நீட்டிக் கட்டியது போன்ற பகிர்வு வண்டி. இலோய்லோ ஜீப்னிக்குத் தனி முகம் உண்டு. மணிலாவில் இரண்டாம் உலகப் போர் ஜீப்பின் நீண்ட மூக்கு இருக்கும். இங்கே உள்ளூர்ப் பட்டறைகள் கட்டிய பல வண்டிகளுக்குக் கார் போலத் தாழ்ந்த, வழுவழுப்பான முன்பக்கம். ‘பாசாட்’ என்பார்கள். ஏறுவது பின்பக்கமாக. குனிந்துதான் ஏறவேண்டும், நிமிர்ந்தால் தலை இடிக்கும். உள்ளே எதிரெதிராக இரண்டு நீள இருக்கை. நடத்துநர் கிடையாது. காசை அடுத்தவர் கையில் கொடுத்து “பாயாட், பாலிஹோக்” (கட்டணம், தயவுசெய்து) என்று சொன்னால் போதும். அது கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போகும், மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தால் வண்டி முழுக்கக் காசு வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலையாகிவிடும். அதை யாரும் சுமையாக நினைப்பதில்லை, நீங்களும் நினைக்காதீர்கள். எத்தனை பேர் என்று சொல்ல ‘இசா’ என்றால் ஒன்று, ‘துஹா’ என்றால் இரண்டு. சாதாரண ஜீப்னியின் குறைந்தபட்சக் கட்டணம் 2023 அக்டோபரில் 13 பெசோ ஆனது. காலையில் ஆயிரம் பெசோ நோட்டை நீட்டினால் வண்டியே தவிக்கும், 20 பெசோ நாணயங்களைச் சேர்த்து வையுங்கள்.

இறங்க மணிலாவில் “பாரா” என்பார்கள். இங்கே “லுகார் லாங்” என்று சொல்லவேண்டும். மெல்லச் சொன்னால் எஞ்சின் சத்தத்தில் கேட்காது.

புதியவர்கள் தவறுவது வழித்தடப் பலகையில். ‘ஹாரோ’ என்று எழுதியிருந்தால் ஏறிவிடுகிறார்கள். ஹாரோவுக்கே பல தடங்கள் உண்டு. முதல் சொல் பேட்டையின் பெயர், இரண்டாவது சொல்தான் வண்டி எந்த வழியாகப் போகிறது என்பதைச் சொல்லும். அந்த இரண்டாவது சொல்லைப் பார்க்காமல் ஏறினால் ஊரைச் சுற்றி வருவீர்கள். அண்மையில் தடங்களைத் திருத்தி எண்களும் போட்டிருப்பதால், பழைய வரைபடத்தை நம்பாமல் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டு ஏறுங்கள்.

கேட்கும்போது முறை சொல்லிக் கேட்பது இங்கே வழக்கம். வயதில் மூத்த ஆணை ‘நோங்’, பெண்ணை ‘நாங்’. மானோங், மானாங் என்பதன் சுருக்கம், நம் அண்ணே, அக்கா மாதிரி. இளைய பையன் ‘தோ’, இளைய பெண் ‘தாய்’. ஊர் மொழி ஹிலிகாய்னோன். தகலோக் எல்லோருக்கும் புரியும், ஆங்கிலமும் நன்றாகவே ஓடும். ஆனாலும் “பாலிஹோக், நோங்” என்று தொடங்கினால் வழி சொல்பவர் இறங்கி வந்தே காட்டுவார். மொழியின் ஓசையே தாலாட்டு மாதிரி இழுவையாக இருக்கும். விலையை மட்டும் ஸ்பானிய எண்ணில் சொல்வார்கள்: பெய்ந்தே என்றால் 20, சிங்குவெந்தா என்றால் 50.

மாலை நாலு மணிக்கு மேல் காயே ரியால் தெருவில் நடங்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கட்டிய வணிகக் கட்டடங்கள் இருபுறமும். மாடி நடைபாதைக்கு மேல் நீண்டு நிற்பதால் வெயிலும் மழையும் படாமல் நடக்கலாம். கீழே செருப்புக்கடையும் மருந்துக்கடையும்தான் தெரியும். எதிர்ச் சாரிக்குப் போய் நிமிர்ந்து பார்த்தால்தான் மேல்மாடிச் சிற்பவேலையும் முகப்பில் செதுக்கிய ஆண்டும் கண்ணில் படும். பக்கத்தில் இருக்கும் பிளாசா லிபர்தாத் சின்னப் பூங்காதான். 1898 டிசம்பர் 25 அன்று ஸ்பானியர்கள் விசயாஸ் என்ற நடுத்தீவுகளின் புரட்சிப் படையிடம் ஊரை ஒப்படைத்தது இங்கேதான். மணிலா கைவிட்டுப் போனபின் ஸ்பானிய அரசின் தலைநகராக இருந்தது இந்த இலோய்லோ.

அங்கிருந்து ஆற்றுத்துறைக்கு நடந்தால் மூயே லோனி. 1855இல் இலோய்லோ துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. மறு ஆண்டு பிரிட்டிஷ் துணைத் தூதராக வந்தவர் நிக்கோலஸ் லோனி. எதிரே இருக்கும் நெக்ரோஸ் தீவின் கரும்புத் தோட்டக்காரர்களுக்குக் கடனில் ஆலை இயந்திரங்கள் கொடுத்தார். சர்க்கரை ஏற்ற வந்த கப்பல்களில் மலிவான ஆங்கிலேய ஆலைத் துணி வந்து இறங்கியது. உள்ளூர்க் கட்டம்போட்ட வடிவங்களையே ஆலையில் அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வீடு தறி ஓடிய இந்தக் கரையில் தறிகள் ஓய்ந்தன, சர்க்கரைப் பணத்தில் மாளிகைகள் எழுந்தன. லோனியின் சிலை துறையில் நிற்கிறது. ஊருக்குச் செல்வம் கொண்டுவந்தவர் என்று அவரைப் போற்றுகிறவர்கள் உண்டு. நான்காம் நாள் மியாகாவில் தறியைப் பார்க்கும்போது இந்தத் துறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: லா பாஸ் சந்தை

காலை ஆறு மணி. ஏழரைக்கு மேல் போனால் மீன் பகுதி பாதி காலியாகிவிடும். தரை ஈரம், வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு போடுங்கள்.

காய்கறிப் பக்கம் முதலில் தேடவேண்டியது இரண்டு. ஒன்று ‘கத்யோஸ்’. கறுத்த ஊதா நிறத்தில் சின்னச் சின்ன மணிகள், டம்ளரில் அளந்து தருவார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் நம் வீட்டுத் துவரை. அதே செடிதான். நாம் காயவைத்து, தோல் நீக்கி, உடைத்துப் பருப்பாக்குகிறோம். இவர்கள் தோலோடு முழு மணியாகவே வேகவைக்கிறார்கள். இரண்டாவது ‘பாத்துவான்’. பச்சை நிறத்தில், எலுமிச்சையைவிடச் சிறியதான உருண்டைப் புளிப்புக் காய். குடம்புளியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். மணிலாப் பக்கம் புளியங்காய் போட்டுப் புளிப்பேற்றுவார்கள், இந்தத் தீவுகளில் பாத்துவான்தான். பருவம் இல்லாத மாதங்களுக்கு உப்பு நீரில் ஊறவைத்துப் பாட்டிலில் விற்கிறார்கள்.

இந்த இரண்டும் சேரும் குழம்புக்குப் பெயர் கேபிஎல். கத்யோஸ், பாபோய் என்ற பன்றி, லாங்கா என்ற பலாப்பிஞ்சு. செய்முறை சுருக்கமாக. நாலைந்து பேருக்கு ஒரு டம்ளர் கத்யோஸ். காய்ந்த மணியானால் முதல் நாள் இரவே ஊறவேண்டும், பச்சை மணியானால் தேவையில்லை. ஒரு கிலோ பன்றிக்கால் துண்டுகளைத் தனியே கொதிக்கவிட்டு, முதலில் பொங்கும் நுரையை அள்ளி எறிந்துவிட்டு, கத்யோஸைச் சேர்த்துச் சின்னத் தீயில் ஒன்றரை மணி நேரம். மணி நசுங்கும் பதம் வந்ததும் பலாப்பிஞ்சுத் துண்டுகள். பலா வெந்தபின்தான் ஏழெட்டு பாத்துவானை முழுசாகப் போடவேண்டும். அது மெத்தென்று ஆனதும் கரண்டியால் பானை ஓரத்தில் வைத்து நசுக்கி, உப்புப் போட்டு, கடைசியில் சர்க்கரைவள்ளிக் கொடியின் இளங்கீரையைக் கிள்ளிப் போட்டு இறக்கிவிடுவார்கள். குழம்பு ஊதாவும் சாம்பலுமாக இருக்கும். அதுதான் சரியான நிறம்.

கெட்டுப்போவது எங்கே என்றால் பாத்துவானை முன்கூட்டிப் போடுவதில். புளி ஊற்றினால் பருப்பு வேகாது என்பது நம் அடுக்களையில் எல்லோருக்கும் தெரியும், இங்கேயும் அதே கதைதான். அவசரக் கடைகளில் மணி கடக்கென்று கடிபடும். ஒரு கடையின் கேபிஎல் நன்றாக இருக்குமா என்று பார்க்க ஒரே வழி: மணி நாக்கால் அழுத்தினால் மசியவேண்டும். பன்றி வேண்டாம் என்பவர்கள் கேஎம்யு கேட்கலாம்: கத்யோஸ், மானோக் என்ற கோழி, உபாத். உபாத் என்பது வாழைத்தண்டு. மெல்லிய வில்லைகளாக அரிந்து போடுகிறார்கள். துவரையும் வாழைத்தண்டும் ஒரே பானையில் வேகும் ஊர், அங்கே நமக்கு எப்படி அந்நியமாக இருக்கும்?

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்கறி என்று சொல்லி வைப்பதிலும் இறாலோ கருவாடோ இருக்கும். கினாமோஸ் என்ற இறால் விழுது உப்பு மாதிரி எல்லாவற்றிலும் புழங்குகிறது. “இந்தி அகோ நாகாகாவொன் சாங் கார்னே” என்றால் நான் இறைச்சி சாப்பிடுவதில்லை. இது மட்டும் போதாது, மீனும் இறாலும் அவர்கள் கணக்கில் இறைச்சி ஆகாது. ‘இஸ்தா’ என்ற மீன், ‘பாசாயான்’ என்ற இறால், ‘கினாமோஸ்’ மூன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லவேண்டும். கேட்டு வாங்கவேண்டிய பண்டம் ‘லாஸ்வா’. வெண்டை, பூசணி, கத்தரி, பயற்றங்காய், சணல் கீரை எல்லாம் போட்டு எண்ணெய் இல்லாமல் வேகவைத்த தெளிந்த குழம்பு. இறால் சேர்க்காமல் செய்யச் சொன்னால் வயிற்றுக்கு அதைவிட இதமான சாப்பாடு இந்த ஊரில் இல்லை.

இனி பாச்சோய். இந்தச் சந்தைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே இந்த நூடுல்ஸ் சூப்தான். 1930களின் இறுதியிலும் 1940களிலும் இந்தச் சந்தைக் கடைகளில் உருவாகி வளர்ந்தது. நெத்தோங்ஸ், டெக்கோஸ், டெட்ஸ் என்று பழைய பெயர்கள் இன்றும் ஓடுகின்றன. யாருடையது முதல் என்பதில் ஊர் ரெண்டுபடும், அந்த வழக்கில் நாம் தலையிட வேண்டாம். சந்தைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து, கிண்ணம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதுதான் முறை. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாறு பெரிய பானையில் தளதளக்கும். அதன் ஆழத்தில் கினாமோஸின் உப்பு. ‘மிக்கி’ என்ற மஞ்சள் கோதுமை நூடுல்ஸை ஒரு கைப்பிடி வலைக்கரண்டியில் போட்டு அந்தக் கொதிசாற்றில் சில நொடி முக்கி எடுத்துக் கிண்ணத்தில் கொட்டுகிறார்கள். மேலே மெல்லிய பன்றித் துண்டு, ஈரல், குடல், இதயம். ஈரல் மட்டும் தனி. அதிகம் கொதித்தால் செருப்புத்தோல் ஆகிவிடும் என்பதால் மெலிசாக அரிந்து, கடைசி நேரத்தில்தான் சூடு காட்டுவார்கள். பிறகு ஒரு அகப்பைச் சாறு, வறுத்த பூண்டு, வெங்காயத்தாள், நொறுக்கிய சிச்சரோன் என்ற பொரித்த பன்றித்தோல். ஸ்பெஷல் கேட்டால் எலும்புமஜ்ஜையும் முட்டையும் சேரும்.

வந்ததும் சாப்பிடுங்கள். படம் எடுத்துக்கொண்டிருந்தால் மிக்கி சாற்றைக் குடித்துப் பருத்துவிடும், சிச்சரோன் நமத்துவிடும். பாதி சாப்பிட்டதும் சாறு குறைந்தால் கிண்ணத்தை நீட்டலாம், பல கடைகளில் சாற்றுக்குத் தனிக் காசு கிடையாது. தொட்டுக்கொள்ள ‘புத்தோ’. அரிசிமாவை ஆவியில் வேகவைத்த பண்டம். பெயர் புட்டை நினைவூட்டும், உருவம் இட்லி, கொஞ்சம் தித்திப்பு. சாற்றில் முக்கிச் சாப்பிடுகிறார்கள்.

பக்கத்திலேயே காப்பிக் கடை. துணிப்பையில் தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி வடிக்கும் கறுத்த காப்பி, கண்ணாடி டம்ளரில். காலையில் சந்தைக்காரர்கள், ஓட்டுநர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அரசியல் பேசுவார்கள். இலோய்லோவை யுனெஸ்கோ 2023இல் உணவுக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. பிலிப்பைன்ஸில் அந்தப் பட்டம் பெற்ற முதல் நகரம் இது. அதற்கான காரணம் உணவகங்களில் இல்லை, இந்த ஆறு மணிச் சந்தையில் இருக்கிறது என்பேன்.

மூன்றாம் நாள்: மோலோ, அரேவாலோ, ஹாரோ, ஆற்றங்கரை

நகரத்துக்குள் ஏழு பேட்டைகள். ஸ்பானியர் காலத்தில் பலவும் தனித்தனி ஊர்கள். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் சொந்தச் சதுக்கமும் தேவாலயமும்.

மோலோ பழைய சீனர் குடியிருப்பு. புனித அன்னா தேவாலயத்தின் உள்ளே தூண்களில் 16 பெண் புனிதர்களின் சிலைகள் மட்டுமே. பெண்களின் கோவில் என்றே ஊரில் பெயர். வழிபாட்டு நேரத்தில் நடுவில் நடந்து படம் எடுக்காதீர்கள், இரண்டு பூசைகளுக்கு இடையில் போங்கள். இந்தப் பேட்டையின் பெயரில் உள்ள பான்சித் மோலோவில் நூடுல்ஸே கிடையாது. பான்சித் என்றால் நூடுல்ஸ் என்று நினைத்து வாங்குகிறவர்கள் திகைப்பார்கள். அரைத்த பன்றியும் இறாலும் வைத்து மெல்லிய மாவுத் தாளில் மடித்த சின்ன மூட்டைகள் கோழிச்சாற்றில் மிதக்கும்.

அரேவாலோவில் 1865இல் கட்டிய கமின்யா கல்வீட்டைப் பாருங்கள். கீழே கல், மேலே மரம், அக்காலச் செல்வர் வீட்டு அமைப்பு. அங்கே கெட்டியான சாக்லேட் பானம் தருவார்கள். வறுத்து அரைத்த கொக்கோவை வட்டுகளாகத் தட்டிக் காயவைத்தது ‘தாப்லேயா’. அதைக் கொதிநீரில் கரைத்து, மர மத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நாம் மோர் கடைவது போல உருட்டி நுரைக்க வைப்பார்கள். கடையாமல் விட்டால் கொக்கோக் கொழுப்பு மேலே எண்ணெயாகப் பிரிந்து நிற்கும்.

ஹாரோ பேராலயத்தின் மணிக்கூண்டு ஆலயத்தோடு ஒட்டாமல், சாலைக்கு அந்தப் பக்கம் சதுக்கத்தில் தனியே நிற்கிறது. 1948 ஜனவரியில் பனாயை உலுக்கிய நிலநடுக்கத்தில் கடுமையாகச் சிதைந்து, பின்னர் சீரமைத்தது. ஆலய முகப்பில் படியேறினால் மெழுகுவர்த்தி அன்னையின் சிலை. 1981இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து முடிசூட்டினார். பிப்ரவரி 2 திருவிழா. அந்த நாளில் தங்குமிடம் கிடைக்காது. ஜனவரி நான்காம் ஞாயிறு நடக்கும் தினாக்யாங் திருவிழாவுக்கும் அப்படியே, மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யவேண்டும். தினாக்யாங்கில் உடலெங்கும் கரி பூசி ஆடும் குழுக்கள் ஆத்தி என்ற பூர்வகுடியின் பெயரால் ஆடுகின்றன. ஆத்தி மக்கள் இன்றும் பனாயிலும் கிமாராஸிலும் சிறு குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். மேளத்தைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் அந்த மக்களையும் அறிந்துகொண்டு திரும்பவேண்டும்.

மாலை ஐந்தரைக்கு ஆற்றங்கரை நடைபாதை. இலோய்லோ ஆறு என்பது உண்மையில் கடலின் கழி, ஓதத்தோடு ஏறி இறங்கும். வெள்ளத் தடுப்புத் திட்டத்தில் வந்த கரைச்சாலையை 2012இல் நடைபாதையாக மாற்றினார்கள். அலையாத்தி மரங்களை வெட்டாமல் விட்டு, அவற்றை ஒட்டி நடக்கும்படி அமைத்ததுதான் இதன் சிறப்பு. நீர் வடியும் நேரமானால் சேற்றில் நண்டுகளும் மூச்சுவேர்களும் தெரியும். ஏற்ற நேரமானால் மரங்கள் தண்ணீரில் நிற்கும். இரண்டையும் ஒருமுறை பாருங்கள்.

நான்காம் நாள்: மியாகாவ்

நகரத்திலிருந்து மேற்கே 40 கிலோமீட்டர். அரேவாலோவில் உள்ள மோஹோன் பேருந்து முனையத்தில் ஏறவேண்டும், ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெயரை மியாக், ஆவ் என்று நடுவில் சின்னதாக நிறுத்திச் சொன்னால்தான் ஓட்டுநருக்குப் புரியும்.

தேவாலயத்தைப் பிறகு பார்ப்போம், முற்பகலில் தறி. இந்தாக்ஆன் என்ற சிற்றூரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஊரிலிருந்து டிரைசைக்கிள் என்ற, பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் போகலாம், திரும்புவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். நெய்வதற்கு ஹிலிகாய்னோனில் ‘ஹாபோல்’, நெய்த துணி ‘ஹாப்லோன்’. தறி ‘தீரால்’. காஞ்சிபுரத்திலோ சின்னாளபட்டியிலோ தறி பார்த்தவர்களுக்கு எதுவும் புதிதாக இருக்காது: பாவு, ஊடை, விழுது, அச்சு, மிதிக்கட்டை எல்லாம் அதனதன் இடத்தில். வேறுபாடு, நெசவாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். வீட்டு வேலை முடித்துவிட்டு வந்து உட்கார்கிறார்கள்.

பக்கத்தில் நின்று பாருங்கள். மிதிக்கட்டையை அழுத்தியதும் பாவு இரண்டாகப் பிரிகிறது, ஊடை நூலைச் சுமக்கும் நாடா ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடுகிறது, அச்சு இழுத்து அடிக்கிறது. கட்டம்போட்ட ‘பாதாத்யோங்’ நெய்யும்போது நிறம் மாறுகிற இடத்தில் நாடாவை மாற்றவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை இழை என்பதை வாய்க்குள் எண்ணிக்கொண்டே நெய்கிறார்கள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒரு இழை கூடினால் கட்டம் சதுரமாக இல்லாமல் நீண்டுவிடும், பிறகு அவிழ்க்கவேண்டும். பாவு இழை அறுந்தால் தறி நின்றுவிடும். நுனியைத் தேடி, முடிச்சிட்டு, விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் மறுபடி கோத்து இழுக்கவேண்டும். அடியின் வேகம் ஒரே சீராக இல்லாவிட்டால் துணியை வெளிச்சத்தில் பிடிக்கும்போது குறுக்கே கோடு தெரியும். களைப்பில் நெய்த இடம் அது.

பாதாத்யோங் என்பது இடுப்பில் சுற்றும் குழல்துணி, நம் கைலிக்குச் சொந்தக்காரன். சந்தையில் பாதாத்யோங் என்று விற்பதில் அச்சடித்த ஆலைத் துணியும் உண்டு. திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நிறம் வெளுத்திருந்தால் அச்சடித்தது. நூலிலேயே சாயம் ஏற்றி நெய்ததற்கு இருபுறமும் ஒரே நிறம். மலிவானவற்றில் பாலியெஸ்டர் நூல் கலந்திருக்கும், பருத்தி வேண்டுமென்றால் கேட்டு வாங்கவேண்டும். பேரம் பேசாதீர்கள். லோனி காலத்து ஆலைத் துணி ஒருமுறை இந்தத் தறிகளை நிறுத்தியது. மறுபடி ஓட வைத்தவர்கள் இந்தப் பெண்கள். ஒரு மீட்டருக்கு அவர்கள் சொல்லும் விலை அவர்களின் ஒரு நாள்.

மூன்றரை மணிக்குமேல் புனித வில்லநோவா தோமையார் தேவாலயம். 1787இல் தொடங்கி 1797இல் முடித்தார்கள். பிலிப்பைன்ஸின் நான்கு பரோக் தேவாலயங்களை 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் ஒன்று. கடற்கொள்ளையர் வந்தால் ஊரே உள்ளே ஒதுங்கும் கோட்டையாகவும் கட்டியதால் சுவர் ஒன்றரை மீட்டர் தடிப்பு, முட்டுச்சுவர்கள் அதைவிடப் பருமன். இரண்டு மணிக்கூண்டுகளும் ஒன்றுபோல இல்லை. சதுக்கத்தின் நடுவில் நின்று முகப்பைப் பாருங்கள். குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் கிறிஸ்டோபர், ஊன்றுகோலுக்குப் பதிலாகத் தென்னைமரத்தைப் பற்றியிருக்கிறார். இருபுறமும் பப்பாளி, கொய்யா. ஐரோப்பியக் கதையைச் செதுக்கிய உள்ளூர்க் கை, தன் கொல்லையில் பார்த்த மரங்களையே வைத்திருக்கிறது. உச்சி வெயிலில் கல் வெளுத்துச் செதுக்கல் தட்டையாகத் தெரியும். மாலையில் நிழல் விழுந்து ஒவ்வொரு இலையும் எழும்பி நிற்கும், கல் மஞ்சளாகும். இருட்டியபின் திரும்பும் வண்டிகள் குறைந்துவிடும், ஆறு மணிக்குள் சாலைக்கு வந்துவிடுங்கள்.

ஐந்தாம் நாள்: கிமாராஸ்

பரோலா துறையிலிருந்து எதிர்த்தீவான கிமாராஸுக்குப் படகில் 15, 20 நிமிடம். இருபக்கமும் மூங்கில் கரங்கள் நீட்டிய மரப்படகு, ‘பம்ப்போட்’. 2019 ஆகஸ்ட் 3 அன்று திடீர்க் காற்றில் இந்த நீரிணையில் மூன்று படகுகள் கவிழ்ந்து 31 பேர் இறந்தார்கள். குறுகிய தூரம்தானே என்று உயிர்காப்பு அங்கியை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், மாட்டிக்கொள்ளுங்கள். நமக்கு மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று இங்கே ‘ஹபாகாத்’. ஜூன் முதல் அக்டோபர் வரை அதன் காலம். அந்த மாதங்களில் காலைப் படகு நல்லது. கடலோரக் காவல் படை படகை நிறுத்தினால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை, மறுநாள் விமானம் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பையில் மாம்பழம் இருந்தால் இக்கரையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கிமாராஸுக்குள் வெளி மாம்பழமோ கொட்டையோ கன்றோ கொண்டுபோகத் தடை. பழத்தைக் குடையும் கூன்வண்டு பலாவான் தீவின் தெற்கில் இருக்கிறது, கிமாராஸில் இல்லை. அந்த வண்டு வராதவரைதான் இந்தத் தீவின் பழம் அமெரிக்கா வரை போகமுடியும்.

தோட்டம் பார்க்க ஏப்ரல், மே. ‘கரபாவோ’ வகை: மெல்லிய தோல், நார் இல்லாத சதை, தட்டைக் கொட்டை. பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி ரமோன் பார்பா 1970களில் கண்டுபிடித்த முறையில், பொட்டாசியம் நைட்ரேட் உப்பை 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ, சில வேளை இரண்டு கிலோ கரைத்து இலைமேல் தெளித்துப் பூக்கவைக்கிறார்கள். எப்போது தெளிப்பது என்பதில்தான் அனுபவம். இலையைக் கையில் கசக்கினால் மொறமொறவென்று உடையவேண்டும். துவண்டால் இளசு, அப்போது தெளித்தால் பூவுக்குப் பதில் தளிர்தான் வரும். தெளித்த சில மணி நேரத்தில் மழை வந்தாலும் வீண். இரண்டு மாதம் வாக்கில் காய் கோழிமுட்டை அளவாகும்போது ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாள் பையில் மூடி, தென்னை ஈர்க்கால் குத்தி இணைக்கிறார்கள். ஈயிலிருந்தும் தழும்பிலிருந்தும் காப்பு. ஒரு மரத்துக்கு ஆயிரக்கணக்கில் பைகள், அவ்வளவும் ஏணியில் ஏறிக் கையால். தெளித்ததிலிருந்து 115, 120 நாளில் பறிப்பு. அதுவும் காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் இடையில். அந்த நேரத்தில் காம்பிலிருந்து பால் குறைவாக வடியும், தோலில் கறை விழாது. விளைந்ததா என்று தெரிய, ஒரு சதவீத உப்பு நீரில் போடுவார்கள். மூழ்கினால் விளைந்தது, மிதந்தால் வெம்பல்.

வாங்கும்போது காம்புப் பக்கம் தோள் உயர்ந்து நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அன்றே சாப்பிட முழு மஞ்சள், இரண்டு நாள் கழித்து என்றால் பச்சை ஓடியது. பழத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர அனுமதிச் சீட்டும் தாவரச் சுகாதாரச் சான்றும் கேட்பார்கள். வீட்டுக்கு உலர்த்திய மாம்பழமோ ஜாமோ போதும். பழத்தைத் துறையிலேயே தின்றுவிடுங்கள். காம்பை மேலே பிடித்து, தட்டைக் கொட்டையை ஒட்டி இருபுறமும் நீளவாக்கில் கத்தி இறக்கினால் மூன்று துண்டு. இரண்டு கன்னங்களையும் கரண்டியால் சுரண்டிச் சாப்பிடவேண்டும். நடுத்துண்டுக்குக் கரண்டி உதவாது, கையில் எடுத்துச் சப்பவேண்டியதுதான்.